கல்லை விட்டுத் தென்னையை அளந்த கருவி

கொசுவைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாத நான், வயல் எல்லையை அளக்க வேட்டைக்காரர்கள் தூரம் பார்க்கும் லேசர் கருவியை வாங்கினேன். பெட்டியில் மான் படம் போட்டிருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தஞ்சாவூர்க் கடையில் அதை எடுத்துக் காட்டியவர் ஒல்லியான மனிதர். எதற்கும் பதில் சொல்லுமுன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

“எதை அளக்கப் போறீங்க சார்?”

“நெல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கற எல்லைக்கல்லை.”

துடைத்தார். “இது முன்னால இருக்கற புல்லை விட்டுட்டு, பின்னால நிக்கற மானைப் பாக்கச் செஞ்சது. உங்க கல்லையும் விட்டுட்டு, பின்னால நிக்கற தென்னையத்தான் காட்டும். டேப் போதும் சார்.”

என்னிடம் காசில்லை என்று நினைக்கிறாரோ என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “உங்க ஆளுக்கு விக்கவே தெரியலங்க” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அதையே வாங்கி வந்தேன்.

வயலில் அது தென்னையைத்தான் காட்டியது.

மறுவாரம் அந்தக் கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். ஆள் இல்லை. எந்த ஊர்க்காரர் என்றுகூட நான் கேட்டுவைத்திருக்கவில்லை. முதலாளியிடம் விசாரித்தேன்.

“நீங்க புகார் சொன்ன அன்னைக்கே அவரை வேலைய விட்டு நிறுத்தியாச்சு. இப்ப வந்து தேடுறீங்களே சார்.”