என் வலது கையும் நாத்தனாரின் இடது கையும்

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் அறையைக் காலி செய்யும்போது எங்கள் வராந்தா சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். பக்கெட், மெத்தை, கெட்டில், ஒற்றைச் செருப்பு என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். போன வருஷம் ஒரு பெண் கறுப்பு உறை போட்ட கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, அறைச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"இதை மறந்துட்டுப் போறியேம்மா" என்றேன்.

"மறக்கல மேம். ஃபர்ஸ்ட் இயர்ல ஆசைப்பட்டு வாங்கினேன், ஒரு பாட்டுகூட உருப்படியா வரல. நீங்க வச்சுக்கோங்க."

"நான் இதை வச்சு என்னம்மா பண்றது?"

"வாசிங்க மேம்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாற்பதைத் தாண்டிய என்னைப் பார்த்து 'வாசிங்க' என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தாளம் போட்டதற்காக வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவள் நான். எனக்கும் சங்கீதத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். சாயங்காலம் ரயிலில் லேடீஸ் பெட்டியில் அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கச்சேரிக்குப் போறியா?"

"இல்லம்மா, கத்துக்கப் போறேன்" என்றேன்.

அதைச் சொல்லும்வரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததே எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு வாபஸ் வாங்க முடியவில்லை. குரோம்பேட்டையில் இறங்கி, கூட்டத்தில் இடிபடாமல் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அஸ்தினாபுரத்தில் இருக்கும் வீடுவரை வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த கணவர், "யார் வீட்டுது இது?" என்றார். "நம்ம வீட்டுது" என்றேன்.

முதல் வாரம் முழுக்க கம்பிகளைச் சுருதி சேர்ப்பதிலேயே போனது. அதற்கு போனில் ஒரு ஆப் இருக்கிறது. கம்பியை மீட்டினால், சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். அப்புறம் இ மைனர் என்ற முதல் கார்டு, அதாவது சில கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து வாசிக்கிற சுரக்கூட்டு. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மட்டும் போதும், மற்ற கம்பிகளைத் தொடவே வேண்டாம் என்று வீடியோவில் சொன்னார்கள். இரண்டு விரலையும் அழுத்தி வைத்து, கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்தேன்.

ஆறு கம்பியும் சேர்ந்து முழங்கியது. கிட்டாரின் மரம் என் வயிற்றில் அதிர்ந்தது. நான்தான் அந்தச் சத்தத்தை உண்டாக்கினேன் என்று நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப இழுத்தேன். சமையலறையில் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது, எழுந்து போகவில்லை. அன்றைக்குப் பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. கணவர் அதன்மேல் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஸ்ட்ரம்மிங் என்கிற கம்பி வீச்சு எனக்கு உடனே பிடிபட்டது. கீழே, கீழே மேலே, மேலே கீழே மேலே. பெஞ்சில் தட்டிய அதே கைதானே! கை தன்பாட்டுக்கு ஓடியது. சிக்கல் இடது கையில். பல வருஷங்களுக்கு முன்னால் வேன் கதவில் நசுங்கிய என் மோதிர விரல், எலும்பு கூடிய பிறகும் நடுவில் முழுசாக மடங்காது. ஜி, சி, டி என்று அடுத்து வந்த கார்டுகள் எல்லாவற்றுக்கும் அந்த விரல்தான் வேண்டும். எப்படி வளைத்து வைத்தாலும் பக்கத்துக் கம்பியை அடைத்துக்கொண்டு 'டப்' என்று செத்த சத்தம் வந்தது. ஒரு மாசம் முட்டி மோதிப் பார்த்தேன். கையில் தாளம் பொங்கிக்கொண்டிருக்க, ஒரே ஒரு கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலிங் பெல் அடித்தது. மாடி வீட்டில் இருக்கும் என் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். கணவருக்குத் தங்கை, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே கட்டடத்தில் இத்தனை வருஷம் இருந்தும் மோட்டார் போடுவது, பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வது தவிர எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. அவள் எதையும் அளந்து செய்கிறவள், நான் கண்ணளவுக்காரி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் மார்க் போடுகிறாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

சத்தம் தாங்காமல்தான் இறங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்து, "ஃபேன் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சேன்மா" என்று ஆரம்பித்தேன்.

"இல்ல அண்ணி" என்றாள். கொஞ்சம் தயங்கி, "நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?"

வீடியோவில் வந்த படத்தைப் பார்த்தாள். எந்த விரல், எந்தக் கம்பி, எந்தக் கட்டம் என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி விரல்களை வைத்தாள். நான் ஒரு மாசமாகத் தேடிய ஜி, அச்சடித்த மாதிரி அவள் கையில் உட்கார்ந்தது. சி, டி எல்லாமே அப்படித்தான். ஆனால் வலது கையை வீசச் சொன்னதும் விறைத்துப்போனாள். "கீழே... அப்புறம் மேலேயா? எப்போ அண்ணி மேலே?" என்று கேட்டுக் கேட்டு இழுத்தாள். கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ கார்டை மட்டும் பிடி, வீசறதை நான் பாத்துக்கறேன்" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன்.

கிட்டாரை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். கிட்டாரின் கழுத்து அவள் நெஞ்சுக்கு முன்னால் போனது. அவள் இடது கை கழுத்தைப் பிடிக்க, என் வலது கை கம்பிகளில் இறங்கியது. இ மைனர். ஜி. டி. மறுபடி இ மைனர்.

பாட்டு! நிஜமாகவே பாட்டு மாதிரி வந்தது! அவள் "அண்ணி!" என்று கத்தி, என் தொடையில் ஓங்கி அடித்துவிட்டாள். சத்தம் கேட்டுப் படுக்கையறையிலிருந்து ஓடிவந்த கணவர், எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா?" என்றார். நாங்கள் அவரைக் கவனிக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஸ்கூல் விட்டு வந்ததும் அவள் நேராக என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பிடித்துக்கொண்டோம். கார்டு மாறும்போது அவள் என் முழங்கையை இடிப்பாள், நான் ஒரு நொடி காத்திருப்பேன். நாளாக ஆக இடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மூச்சு இழுக்கும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் மர ஸ்கேலைக் கிட்டார் கழுத்தாக நினைத்து நானும் விரல் வைத்துப் பார்ப்பேன். மோதிர விரலை விட்டுவிட்டு, சுண்டு விரலை வைத்து ஜி பிடிக்கலாமா என்று ஒரு யோசனை. அதை அவளிடம் சொல்லவில்லை. வருமென்று எனக்கே நம்பிக்கை இல்லை.

கார்த்திகை முடிகிற சமயத்தில், தரைத்தளத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா என்னை வாசலில் பிடித்துக்கொண்டார். "இன்னா, டெய்லி உங்க வூட்ல கச்சேரி நடந்துகினு கீது, எங்களுக்குக் காட்ட மாட்டீங்களா? பொங்கலுக்கு மாடில எல்லாரும் கூடுவோம்ல, அன்னிக்கு வாசிங்க." நான் மாட்டேன் என்று சொல்வதற்குள் பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது: "வாசிக்கிறோம்க்கா!"

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொட்டை மாடியில் பெஞ்சு, பிளாஸ்டிக் நாற்காலி, வாடகை மைக். பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். அடுத்தது நாங்கள். நாத்தனாரைக் காணோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று போனவள், ஜிஎஸ்டி ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாள். "அண்ணி, சானடோரியம்கிட்ட நிக்கறேன், வண்டி நகரவே இல்ல" என்று போன். தையல்கார அக்கா அதற்குள் மைக்கில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

போய் உட்கார்ந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது இ மைனர் மட்டும். அதை வீசினேன். கை தாளத்தைப் பிடித்ததும் பயம் கொஞ்சம் இறங்கியது. கணவர் முதல் வரியை எடுத்துக் கொடுக்க, கூட்டம் பாட ஆரம்பித்தது. ஜி வரும் இடம் நெருங்கியது. மோதிர விரலைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, சுண்டு விரலைக் கடைசிக் கம்பியில் அழுத்தினேன்.

ஜி! சுத்தமான ஜி! ஆபீஸ் ஸ்கேலில் சத்தமே இல்லாமல் பிடித்துப் பார்த்தது, அத்தனை பேர் முன்னால் மணியாக ஒலித்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. டி வருகிற இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்பிகளை உள்ளங்கையால் அடைத்து, தாளத்தை மட்டும் 'டக் டக்' என்று தட்டினேன். கூட்டம் அதையே கைதட்டலாக எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடியது.

இரண்டாம் சரணத்தில் படிக்கட்டில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். ஸ்கூல் புடவை, தோளில் பை, வியர்த்து வழியும் முகம். பையைத் தரையில் போட்டுவிட்டு என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் கையை எடுத்த அதே நொடியில் அவள் கை அந்த இடத்தில் இறங்கியது. ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. என்ன நடந்தது என்று புரிந்ததும் மாடியே ஹோவென்று கத்தியது.

பாட்டு முடிந்ததும் என் காதுக்குள், "படியில வரும்போதே கேட்டேன். ஜி யார் பிடிச்சது?" என்றாள்.

"நான்தான். சுண்டு விரல்."

"சொல்லவே இல்லையே!" என்று என் கையைப் பிடித்து, அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குள் "ஒன்ஸ்மோர்! இன்னொரு பாட்டு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

"அண்ணி, நமக்கு வேற எதுவும் தெரியாதே."

"அதையே வாசிப்போம். கொஞ்சம் வேகமா."

அதையே வாசித்தோம். யாருக்கும் குறையாகப் படவில்லை. முதல் தடவையைவிடச் சத்தமாகப் பாடினார்கள். இந்தத் தடவை இ மைனரையும் டியையும் அவள் பிடிக்க, ஜி வந்தபோதெல்லாம் கையை விலக்கிக்கொண்டு, "ம், நீங்க" என்று எனக்கு இடம் விட்டாள்.

இப்போது அவளிடம் சொந்தமாக ஒரு கிட்டார் இருக்கிறது. வீசும் கை இளகிவிட்டது, ஆனாலும் உதட்டில் இன்னும் 'கீழே, மேலே' ஓடுகிறது. நான் சுண்டு விரலை வைத்தே சி, டி இரண்டையும் மடக்கிவிட்டேன். இந்த வாரம் இரண்டு பேருமே எஃப் என்ற கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். நேற்று அவளுக்கு அதில் நாலு கம்பி சுத்தமாகக் கேட்டது, எனக்கு மூன்று.