அளவுக்காரம்மா பார்த்த கால்கள்

எங்கள் கடைக்குப் பூட்ஸ் வாங்க வருகிறவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் முதலில் சாக்ஸைக் கழற்ற வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம் இல்லை, கால் அளவெடுத்து விற்கிற அளவுக்காரம்மா போட்டது. முதலாளியே ஒருமுறை தனக்கு ஒரு ஜோடி எடுக்க வந்து, முனகிக்கொண்டே சாக்ஸைக் கழற்றினார்.

ஊர் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் இருக்கிறது கடை. பின்ஜன்னலைத் திறந்தால் நாணல், அதற்குப் பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் மறுபடி நாணல். குளிர் தொடங்கியதும் வாத்து வேட்டைக்காரர்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் பறவை பார்க்கிறவர்கள், நிலம் அளக்கிறவர்கள், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நடக்கிறவர்கள். நான் பின்பக்கம் பழுது பார்க்கிறவன். ஓட்டையான ரப்பருக்கு ஒட்டுப் போடுவேன், சோல் மாற்றுவேன். ஒட்டின பூட்ஸைத் தகரத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். மனுஷங்களைக் கண்டாலே ஆகாது என்றுதான் சுவரைப் பார்த்து மேசை போட்டிருக்கிறேன் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார். பாதி உண்மைதான்.

ஆனால் காது திறந்துதானே இருக்கிறது. அளவுக்காரம்மா வியாபாரம் செய்வதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தால் பொழுது போவதே தெரியாது. ஒருமுறை, புதிதாகத் துப்பாக்கி வாங்கிய ஒரு மனிதர் வந்தார். நாளைக்கே சதுப்பைக் காலி செய்துவிடுகிற தோரணை.

"முட்டி வரைக்கும் வர்றதா குடுங்கம்மா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது."

"நின்னுக்கிட்டு இருக்கப் போறீங்களா, நடக்கப் போறீங்களா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுக்கும் ஒரே பூட்ஸ் சரிப்படாது சார். தண்ணியில நின்னு காத்திருக்கணும்னா ரப்பர். நாள் பூரா நடக்கணும்னா தோல், உள்ள தண்ணி புகாத லைனிங் வச்சுத் தச்சது. ரப்பரைப் போட்டுக்கிட்டு நாள் பூரா நடந்தீங்கன்னா வெளித் தண்ணி உள்ள வராது. உங்க வேர்வையிலயே கால் ஊறிப் போயிடும்."

"அப்ப இது? பளபளன்னு இருக்கே."

"அது கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போங்க. சோலைப் பாருங்க, பள்ளமே இல்ல. சேத்துல கால் வச்சதும் நீங்க ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் கிடப்பீங்க. முதல்ல சாக்ஸைக் கழட்டுங்க."

அவர் கழற்றினார். எல்லோரும் கழற்றுவார்கள். அவள் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, அளவுத் தட்டை வந்தவர் காலடியில் தள்ளி, குனிந்து பார்ப்பாள். குதிகால் ஆடக்கூடாது, விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், கனமான சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும், காலையில் வாங்கக் கூடாது, கால் வீங்கியிருக்கும் சாயங்காலம்தான் வாங்க வேண்டும். எல்லாம் சொல்வாள். "என்னம்மா, ஜோசியம் பாக்கற மாதிரி காலைப் பாக்கறீங்க?" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. "கொப்புளம் இருக்கான்னு பாக்கறேன்" என்பாள். முதலாளிக்கு ஒரே பெருமை. இவளைப் போல் தொழிலில் கண்ணாக இருக்கும் ஆள் கிடைக்காது என்று என் காதுபடச் சொல்வார், எனக்கு உறைக்கட்டும் என்று.

அவள் முதலில் பார்ப்பது இடது கால் சுண்டுவிரலை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு பெருமூச்சு வரும். அதன் பிறகுதான் வியாபாரம்.

மழைநாட்களில் இன்னும் மோசம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வருகிறவர்களின் ஈரத் தடம் தரையில் விழும். நான் துடைக்கத் துணியை எடுத்தால் "இருங்கண்ணே" என்று தடுப்பாள். ஒவ்வொரு தடமாகக் குனிந்து பார்த்துவிட்டு அவளே துடைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். யாரும் வராத நேரத்தில்கூடத் திடீரென்று தலையைத் திருப்பி வாசலைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். "ஈரக் காலோட யாரோ நடந்த மாதிரி இருந்துச்சு" என்பாள். தொட்டித் தண்ணீர் தளும்பியிருக்கும் என்று நான் சொல்வேன். சொல்லிவிட்டு நானும் ஒருமுறை தொட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

அவள் கணவர் வாத்து வேட்டைக்குப் போய்த் திரும்பாதவர் என்பது ஊருக்கே தெரியும். சதுப்பு விழுங்கிவிட்டது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. இந்தச் சதுப்பில் கிடைக்காதது அதிசயமும் இல்லை. பூட்ஸ் மட்டும் கிடைத்தது. அதன் பிறகுதான் அவள் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு வந்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் தாடி வைத்த ஒரு மனிதர் வந்தார். வெளியூர்க்காரர், பறவை பார்க்க வந்தவர். சாக்ஸைக் கழற்றினார். அவ்வளவுதான், அளவுத் தட்டு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் அந்தக் காலைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல முகத்தைப் பார்த்தாள். தாடிக்குள் எதையோ தேடுகிற மாதிரி அவ்வளவு நேரம் பார்த்தாள். அந்த மனிதர் நெளிய ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எந்த ஊரு?" என்றாள்.

அவர் ஏதோ ஊர் சொன்னார். குரல் கீச்சென்று இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அவள் குனிந்து தட்டை எடுத்தாள். எதுவும் நடக்காத மாதிரி அவருக்கு நல்ல பூட்ஸாக எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். போன பிறகு முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். மனுஷர்களோடு ஆகாதவன்தான், ஆனாலும் கல்லில்லையே.

"அவரு சாகலைண்ணே" என்றாள்.

அன்று காலையில் வீட்டில் சண்டை. எதற்கென்று அவளுக்கே சரியாக நினைவில்லை, ஏதோ சின்ன விஷயம். அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "இருட்டறதுக்குள்ள வரலேன்னா இந்தப் பக்கமே வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் வரவில்லை. தேடப் போன கொழுந்தன் மறுநாள் பூட்ஸைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கழுவிக் காயவைத்த ஜோடி, லேஸ் அவிழ்ந்திருந்தது. கரையோரம் கிடந்தது என்றார்.

"லேஸ் வச்ச பூட்ஸுண்ணே, கணுக்கால் வரைக்கும் இறுக்கிக் கட்டறது. நானே பாத்து எடுத்துக் குடுத்தது. சேறு இழுத்தா அது கழலாது. ஒருத்தரு உக்காந்து, நிதானமா லேஸை அவுத்தாத்தான் கழலும். அந்தக் கரையை ஒட்டித்தான் பஸ் ரோடு. பையில எப்பவும் செருப்பு வச்சிருப்பாரு. பூட்ஸை அவுத்துக் கரையில வச்சிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, பஸ் ஏறிட்டாரு. வராதேன்னு சொன்னேன், வரல."

"இதை யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"எப்படிண்ணே சொல்றது? புருஷன் செத்துட்டான்னு ஊரு அழுவுது. நான் போய், இல்ல, என் வாய்க்குப் பயந்து ஓடிட்டாருன்னு சொல்லவா? முகத்துல தாடி வளரும், பேரை மாத்திக்கலாம். காலை என்ன பண்ணுவாரு? அவரு சுண்டுவிரலும் இப்படித்தான் ஏறி இருக்கும். என்னிக்காவது ஒரு நாள் பூட்ஸ் தேவைப்படும். சதுப்பை விட்டு இருக்க முடியாத மனுஷன்."

செத்தவனுக்காக அழுவதற்கு ஒரு முடிவு உண்டு. இவள் தினமும் காலையில் கடை திறக்கும்போது கைவிடப்பட்டவளாகவே உள்ளே வந்து, சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறாள். அன்றிலிருந்து நானும் கெட்டுப்போனேன். மேசையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். முதலாளி சந்தோஷப்பட்டார். நான் வருகிறவர்களின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குளிர் தொடங்கிய வாரத்தில் அவளுடைய கொழுந்தன் வந்தார். வாத்து வேட்டைதான் அவருக்கும் உயிர். அண்ணன் போன பிறகும் விடவில்லை. வருஷாவருஷம் இங்கேதான் ரப்பர் பூட்ஸ் வாங்குவார். அண்ணி மேல் மரியாதை, அதோடு அண்ணி விலையைக் குறைத்துப் போடுவாள் என்ற நம்பிக்கையும் உண்டு.

"இந்தத் தடவை லேஸ் வச்சதா குடுங்க அண்ணி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "ஏன் தம்பி? ரப்பர்தானே உங்களுக்குப் பிடிக்கும்."

"பிடிக்கும். ஆனா நடு ஓடையில இறங்கறப்ப தொல்லை அண்ணி. இடுப்பு வரைக்கும் உளைச் சேறு. பூட்ஸோட இறங்கினா சேறு கவ்விக்கும், வெறுங்காலோடதான் இறங்கணும். லேஸ் வச்சதுன்னா ரெண்டையும் சேத்து முடிஞ்சு கழுத்துல மாலையா மாட்டிக்கலாம். ரப்பரை எங்கன்னு மாட்டறது? போன வருஷம் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்கி, துப்பாக்கியைத் தண்ணியில விட்டுட்டேன்."

அவள் லேஸ் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்து வந்து வைத்தாள். அவர் காலில் போட்டுப் பார்க்கவில்லை. வேட்டைக்காரர் புத்தி, முதலில் இரண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். இரண்டு பூட்ஸும் மார்பில் தொங்கின.

"அண்ணன் போடற முடிச்சு இன்னும் கெட்டியா இருக்கும்" என்றார், அவிழ்த்துக்கொண்டே. "அன்னிக்கு அந்த முடிச்சை அவுக்க நான் பட்ட பாடு! தண்ணியில ஊறிப் போயி கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. பல்லால கடிச்சு இழுத்துத்தான் அவுத்தேன்."

நான் கையிலிருந்த ரப்பர் துண்டைக் கீழே வைத்தேன்.

"எந்த முடிச்சு?" என்றாள் அவள்.

"அதான் அண்ணி, அண்ணன் பூட்ஸு. ரெண்டும் சேந்து முடிஞ்சு கரையோர நாணல்ல சிக்கிக் கிடந்துச்சு. அந்தக் கோலத்துல, சேறும் முடிச்சுமா எப்படி உங்க கையில குடுக்கறது? அவுத்து, கழுவி, காயவச்சு, ஜோடியா எடுத்துட்டு வந்தேன்."

"நீங்களா அவுத்தீங்க?"

"நான்தான். ஏன் அண்ணி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நாணலுக்கு அப்பால் அந்த ஓடை இங்கிருந்து தெரியாது. ஆனால் அதைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கரையோடு சுற்றி வந்தால் பஸ் ரோடு, அப்படி வீடு சேர நேரமாகும். நடு ஓடையைக் குறுக்கே தாண்டினால் அவர்கள் தெரு. அந்தப் பக்கம் வேறு எதுவும் இல்லை, வேறு எங்கும் போக அங்கிருந்து வழியும் இல்லை.

"வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள்.

"பின்ன வேற எங்க அண்ணி போவாரு?" என்றார் கொழுந்தன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பவும் சுத்தித்தான் வருவாரு. உளையில இறங்காதே இறங்காதேன்னு எனக்கே ஆயிரம் தடவை சொன்ன மனுஷன். அன்னிக்கு மட்டும் என்ன அவசரமோ, குறுக்கே இறங்கிட்டாரு. இருட்டப் போவுதுன்னு நினைச்சிருப்பாரு."

அவள் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். கொழுந்தன் பதறிப்போனார். என்னைப் பார்த்தார். ஓடிப்போகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஆறுதல் கிடைக்கும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நான் ஒரு முட்டாள். அவர் அவளை விட்டுப் போகவில்லை. அவள் சொன்ன பேச்சைக் கேட்டு, இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஓடி வந்திருக்கிறார்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கொழுந்தன் கையிலிருந்த லேஸ் பூட்ஸை வாங்கினாள். வாங்கினாள் என்றா சொன்னேன், பிடுங்கினாள். அலமாரிக்குப் போய் அவர் வழக்கமாக வாங்கும் ரப்பர் பூட்ஸை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"அண்ணி, அதான் சொன்னேனே, இதைக் கழுத்துல மாட்ட முடியாது."

"மாட்ட முடியாது. அதனாலதான் இது." அவள் அவர் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். "சுத்தியே வாங்க தம்பி. இருட்டினா இருட்டட்டும். விடிஞ்சு வந்தாலும் பரவாயில்ல. வீட்டுல உங்க பொண்டாட்டி என்ன சொல்லி அனுப்பினாலும் காதுல போட்டுக்காதீங்க. பொம்பளைங்க வாயில ஆயிரம் வரும், அதையெல்லாம் கேட்டு நடக்காதீங்க. சுத்தியே வருவேன்னு சொல்லுங்க."

"சரி அண்ணி."

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"சுத்தியே வர்றேன் அண்ணி" என்றார் அவர், பூட்ஸை மடியில் அணைத்தபடி.