வலப்பக்கம் சுற்றும் கை மிக்சி

சோப்பு கலக்கும்போது கம்பை வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். பாதியில் இடப்பக்கம் திருப்பினால் எண்ணெய் தனியாக, காரத்தண்ணி தனியாகப் பிரிந்துவிடும். ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும், நடுவில் ஆள் மாறக் கூடாது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து வாசகசாலையில் ஒரு டீச்சர் வந்து பெண்களுக்குச் சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார். நான் கடைசியில், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டீச்சரின் முகம் எனக்குத் தெரியவில்லை. வலது கை மட்டும் தெரிந்தது. அது வலப்பக்கம் சுற்றியது.

தேங்காயெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். இவ்வளவுதான் சோப்பு. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கும், கையில் பட்டால் தோல் போகும். முதல் தடவை அதை என் அலுமினியக் குண்டானில் கரைத்தேன். பொங்கியது, கறுத்தது, கடைசியில் அடியில் ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் வாளிதான். கைக்கு உறை, முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு ஓடை வேலைக்குக் கொடுத்தது. அவர் அதை ஒரு நாளும் போட்டதில்லை. உறையின் விரல்கள் எனக்குப் பெரிதாக இருக்கும், ஆனாலும் கௌரவமாக இருக்கும்.

ஆரம்பத்தில் சந்தில் எல்லாருமே செய்தார்கள். கை வலிக்கிறது, புகை வருகிறது என்று ஒவ்வொருத்தராக விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். யாரிடமும் போய்ப் பேச வராது. ஒரு வீட்டுக்குப் போய் உப்பு கேட்பதற்குப் பதில் உப்பில்லாமல் குழம்பு வைத்துவிடுவேன். சோப்பு செய்ய ஆரம்பித்த பிறகு நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சோப்பு வாங்க அவர்களே என் கதவைத் தட்டி வந்தார்கள், நின்றார்கள், பேசினார்கள். நான் சும்மா தலையாட்டினால் போதும். சோப்பு நின்றால் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் என் வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. சோப்பைக் கோடு விழும் பதம் வரைக்கும் கலக்க வேண்டும். அதாவது கம்பைத் தூக்கினால் சொட்டுகிற சொட்டு மேலேயே ஒரு கோடாக நிற்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சோறு வடிக்கிற நேரம் ஆகும். ஒரு நாள் பாதியிலேயே கை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்த என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, ஓடி வந்து கம்பை வாங்கிக் கலக்கினாள். அந்த வாளி உறையவே இல்லை. மேலே எண்ணெய் மிதந்தது.

"கை மாறிடுச்சுல்லா, அதான்," என்றாள் நாத்தனார். "இனி முதல்லருந்தே நான் கலக்குதேன் மயினி. நீ உக்காந்து பாத்துக்கோ."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அவள் கலக்கினால் எல்லாரும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் கதவை ஏற்கெனவே நிறையப் பேர் தட்டுகிறார்கள்.

அந்த வாரம் டிவியில் சமையல் நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெண் கம்பு மாதிரி ஒரு மிக்சியைப் பாத்திரத்துக்குள் விட்டுப் பொத்தானை அமுக்கினாள். உள்ளே இருந்தது ஒரு நிமிஷத்தில் கட்டியானது. அவள் மணிக்கட்டு அசையவே இல்லை. அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தேன்.

கை மிக்சி வாங்கப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அது எந்தப் பக்கம் சுத்தும்?" என்று கேட்டார்.

அதை நான் யோசிக்கவில்லை. அன்று ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை.

கடையில் பேச எனக்கு நாத்தனார் வேண்டும். எனக்குப் புடவை எடுத்தது, செருப்பு எடுத்தது எல்லாம் அவள் வாய்தான். மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறினோம். நடுவில் இருக்கும் தீவைத் தாண்டும் வரை அவள் காதில் என் ரெண்டு நிபந்தனையையும் சொல்லிக்கொண்டே வந்தேன். தண்டு அலுமினியமாக இருக்கக் கூடாது, எவர்சில்வர் வேண்டும். வலப்பக்கம் சுற்ற வேண்டும்.

"சரி சரி, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை. மிக்சி, கிரைண்டர் எல்லாம் உள்ளே. நடுவயசுக்காரர் ஒருவர் வந்து, "எந்தா வேண்டே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"எங்க மயினிக்கு மோர் கடையணும்," என்றாள் நாத்தனார்.

நான் அவள் சேலையை இழுத்தேன். அவள் என் காதில், "கடையில போயி சோப்புன்னா சொல்லுவாவ? கிறுக்கின்னு நினைக்கப் போறான்," என்றாள்.

கடைக்காரர் ரெண்டு கை மிக்சியைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றின் தண்டு பளபளவென்று எவர்சில்வர். இன்னொன்று சாம்பல் நிறம். தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. என் பழைய குண்டானின் நிறம்.

"நல்ல சாதனமாணு சேச்சி," என்றார் சாம்பலைத் தட்டி. "மோரும் கடையாம், முட்டையும் அடிக்காம்."

நான் நாத்தனார் காதில் சொன்னேன். அவள் உரக்கச் சொன்னாள்: "இது எந்தப் பக்கம் சுத்தும்?"

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். "சுத்தும் சேச்சி. நல்லா சுத்தும்."

"சுத்தும்னு தெரியும். வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"மோருக்கு எந்தா வலது, எந்தா இடது?"

"எங்க வீட்டு மோரு அப்படி," என்றாள் நாத்தனார்.

அவர் நல்ல மனிதர். ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். பழைய பில் ஒன்றைக் கிழித்து அந்தத் துண்டைத் தண்ணீரில் போட்டார். எவர்சில்வர் மிக்சியை உள்ளே விட்டு மெல்ல அமுக்கினார். காகிதம் சுற்றியது. இடப்பக்கம்.

"நீ அந்தப் பக்கம் நிக்கே, அதான் இடதாத் தெரியுது," என்றாள் நாத்தனார். "இங்க வா மயினி."

அவள் இருந்த பக்கம் போனேன். அங்கேயும் இடதுதான். அவள் என் இடத்துக்கு வந்து பார்த்தாள். கடைக்காரரும் சந்தேகப்பட்டுத் தன் இடத்தை விட்டு வந்து பார்த்தார். மூன்று பேரும் வாளியைச் சுற்றி வந்தோம். நாங்கள் வலப்பக்கம்தான் சுற்றினோம். காகிதம் இடப்பக்கம் சுற்றியது.

அடுத்து சாம்பல். அது வலப்பக்கம் சுற்றியது. காகிதம் என்னைக் கூப்பிடுவது மாதிரி வலப்பக்கமே போயிற்று.

"முடிஞ்சுது," என்றாள் நாத்தனார். "இதைக் கட்டுங்க."

வலப்பக்கம் சுற்றுவது அலுமினியம். எவர்சில்வர் சுற்றுவது இடப்பக்கம். ரெண்டில் ஒரு விதியை விட வேண்டும். அலுமினியத்தில் ஓட்டை விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குண்டானில்தான் பிறகு ஒரு துளசியை நட்டேன், தண்ணீர் நன்றாக வடிந்தது. இடப்பக்கம் சுற்றிச் சோப்பு பிரிந்ததை நான் பார்த்ததே இல்லை. யாரும் சுற்றினதில்லையே, எப்படிப் பார்ப்பது?

கடைக்காரர் சாம்பலை அட்டைப்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். நாத்தனார் காது அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. காது கிடைக்கவில்லை.

"எவர்சில்வர் கொடுங்க," என்றேன். "சோப்புக்கு."

என் குரல் அந்தக் கடையில் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கடைக்காரர் நாத்தனாரைப் பார்த்தார்.

"சோப்போ? மோருன்னல்லே பறஞ்சது?"

"எங்க மயினி மோருலதான் சோப்பு போடுவா," என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நேரம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றாள்.

கடைக்காரர் எவர்சில்வரைப் பெட்டியில் வைத்தார். ஒரேயடியாக அமுக்கிப் பிடிக்கக் கூடாது, விட்டு விட்டு அமுக்க வேண்டும், சோப்பில் போட்டுக் கெட்டால் கேரண்டி கிடையாது என்றார். நான் தலையாட்டினேன். நாத்தனார் சாயா குடிக்கலாம் என்றாள்.

மறுநாள் காலையில் வாளியை முற்றத்தில் வைத்தேன். முதலில் பழைய கம்பால் நாலு சுற்று வலப்பக்கம் சுற்றினேன், கடவுள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சாட்சிக்கு. பிறகு கை மிக்சியை உள்ளே விட்டுச் சாய்த்தேன். உள்ளே இருந்த காற்று குமிழாக வெளியே வந்தது. அமுக்கினேன், விட்டேன். அமுக்கினேன், விட்டேன். நடுவில் மிக்சியை நிறுத்தி அதையே கம்பாக வைத்து மெல்லக் கலக்கினேன். அடுப்பில் வைத்த சாயா கொதிக்கும் முன் கோடு விழுந்துவிட்டது. நான் நம்பவில்லை. சாயா கொதித்த பிறகும் போய்ப் பார்த்தேன். கோடு அங்கேயே நின்றது.

மறுநாள் வெட்டினேன். கட்டி நல்ல வெள்ளை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாத்தனார் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"இடப்பக்கம் சுத்தின சோப்பாம்லா?" என்று ஒருத்தி வாசலில் நின்று முகர்ந்து பார்த்தாள். "நுரை கொஞ்சம் கம்மி மாதிரி இருக்கே." அதை அவள் இன்னும் தண்ணீரில் நனைக்கவே இல்லை.

ஆனாலும் வாங்கிப் போனார்கள். மணிக்கட்டு வீக்கமும் வடிந்தது. அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. கம்பால் கலக்கும்போது சந்தில் என்னைத் தவிர வேறு யாராலும் முடியவில்லை. பொத்தான் அமுக்க யாராலும் முடியும். நாத்தனாருக்கும் அது புரிந்துவிட்டது.

"ஒரு பொத்தானை அமுக்குறதுக்கு நீ எதுக்கு மயினி கஷ்டப்படணும்? கொண்டா, இந்தத் தடவை எங்க வீட்டுல போடுதேன்."

கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. கடையில் ஒரு தடவை பேசினது கடையோடு போயிற்று. மிக்சியைக் கொடுத்தேன், கையுறையையும் கொடுத்தேன். "விட்டு விட்டு அமுக்கணும், ஏட்டி," என்று சொன்னேன். அவள் பாதி தூரம் போயிருந்தாள்.

நாத்தனாருக்கு எதிலும் வாசனை வேண்டும். பஜார் பக்கத்து மசாலா கிடங்கு ஒன்றிலிருந்து கிராம்பு எண்ணெய் வாங்கி வந்திருந்தாள். நான் வாசனைக்கு ஏதாவது ஊற்றுவதானால் கடைசியில் ரெண்டு சொட்டு, அதுவும் கரண்டியால் கலக்கி உடனே அச்சில் ஊற்றிவிடுவேன். அவள் ஆரம்பத்திலேயே பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசியிருக்கிறாள்.

"மயினீ!" என்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவ்வளவு கிராம்பு எண்ணெய் விழுந்ததில் சோப்பு சட்டென்று இறுகி வாளிக்குள்ளேயே கல்லாகியிருந்தது. மிக்சி அதன் நடுவில் நேராக நின்றது, யாரும் பிடிக்காமலே. நாத்தனார் கையை எடுத்துத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். முதலில் ஒயரைப் பிடுங்கினேன். மிக்சியைப் பிடித்துத் தூக்கினேன். வாளியும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்காரர் வந்தார். வாளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கொடி ஏத்தியாச்சு," என்றார். "உற்சவம் எப்போ?"

"நீ ஒண்ணு, அண்ணே," என்றாள் நாத்தனார். அவள் கண்ணில் தண்ணீர். கிராம்பு எண்ணெய் காரமாகவும் இருக்கலாம்.

அவர் கையுறையை முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு வாளியைக் கத்தியால் அறுத்தார். சோப்பை உடைத்து உடைத்து எடுத்தோம். தண்டைச் சுற்றி இருந்ததை வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன். உள்ளே எவர்சில்வர் அப்படியே இருந்தது, ஒரு புள்ளி கறுக்கவில்லை. காயவைத்து அமுக்கிப் பார்த்தேன். சுற்றியது.

"வலப்பக்கம் சுத்துறதை வாங்கியிருந்தா இப்படி ஆயிருக்காது," என்றாள் நாத்தனார்.

அந்த உடைந்த கட்டிகளையும் அவள் விற்றுவிட்டாள். பல்வலிக்கு நல்லதா என்று ஒருத்தி கேட்டாளாம். குளிச்சுப் பாரு என்றாளாம் இவள்.

அடுத்த மாசம் அவள் புது வாளி ஒன்றைக் கொண்டுவந்து என் முற்றத்தில் வைத்தாள். மிக்சியின் ஒயரை அவளே சொருகினாள். பிறகு தள்ளிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள், மடியில் கிராம்பு எண்ணெய்ப் பாட்டில்.

"நீயே அமுக்கு மயினி. எண்ணெய் மட்டும் நான் ஊத்துதேன்."

நான் கையுறையைப் போட்டுக்கொண்டேன். யாரோ கதவைத் தட்டினார்கள், சோப்பு ஆச்சா என்று. நாத்தனார் பாட்டில் மூடியைத் திருக ஆரம்பித்தாள்.

"இப்போ ஊத்தாதே," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்தது. கதவைத் தட்டியவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் மூடியைத் திரும்ப இறுக்கினாள்.