குனூக்கின் வாளி

என் மச்சினன் குனூக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதென்றால் எனக்கு வயிறு எரியும். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். வயது நாற்பது, கல்யாணமில்லை. இந்தப் பனிநாட்டில் பிறந்தும் வேட்டைக்கு லாயக்கில்லை. குண்டடிபட்ட காரிபு மான் பாசிமேல் ரத்தம் சிந்திக்கொண்டு ஓடியிருக்கும், அந்த ரத்தத்தின்மேலேயே நின்றுகொண்டு, "எந்தப் பக்கம் போச்சு அத்தான்?" என்பான். ஊரே சிரிக்கும். நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பேன்.

ஆனால் ஆகஸ்ட் கடைசியில் அவன் வாளியில் ப்ளூபெர்ரி வழியும், என் வாளியில் அடி தெரியும். இத்தனைக்கும் ஆற்றில் போகும்போதே எந்த மேட்டில் ப்ளூபெர்ரி இலை நன்றாகச் சிவந்திருக்கிறது என்று பார்த்துப் படகைத் திருப்புகிறவன் நான். ஏறிப் போனால் பாதி அதேபோல் சிவக்கும் கரடிப்பழச் செடி. வாயில் போட்டால் மாவு. மீதி குட்டை பிர்ச் புதர், பழமே இல்லாத வெறும் சிவப்பு இலை.

என் மனைவி பனியாக், மான் கொழுப்பை நுரைக்க அடித்துப் பழம் கலந்து அக்குதுக் என்ற இனிப்பு செய்து விருந்துக்குக் கொண்டுபோவாள். யார் பறித்தது என்று கேட்பார்கள். "என் தம்பிதான், வேற யாரு?" பதினெட்டு வருஷமாக இதே பதில்.

இந்த வருஷம் என் பெயரைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

"வாளி எதுக்கு? காத்து புடிக்கவா?" என்றாள் பனியாக்.

எங்கள் ஊரில் ஒருத்தர் பழமெடுக்கும் இடத்துக்கு இன்னொருத்தர் பின்தொடர்ந்து போகமாட்டார். நான் போனேன். சிவந்த மேடுகளையெல்லாம் விட்டுவிட்டு, மங்கலான ஒரு சரிவில் கல் அடுக்கியிருந்த இடத்தில் குனூக் குனிந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டான்.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே அத்தான். ஜூன்ல நீங்கல்லாம் கடல்நாய் வேட்டைக்குப் போயிடுவீங்க. அப்ப வந்து பூ நிறைய இருக்குற இடமா பாத்து கல்லு வச்சிடுவேன்."

"எதுக்குடா அவ்வளவு பாடு? இப்ப இலையப் பாத்தா தெரியாதா?"

நாலு பழம் பறித்து வாளியில் போட்டான்.

"எனக்கு எல்லாம் ஒரே நிறம்தான், நாய்த்தோல் மாதிரி. வருஷா வருஷம் சிவப்பு சிவப்புன்னு எல்லாரும் கத்துவீங்க. நீங்கதான் அதிகமா கத்துவீங்க. உங்களப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். எப்படித்தான் இருக்கும்? சொல்லுங்களேன்."

மான் ரத்தம் ஏன் அவன் கண்ணில் படவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினெட்டு வருஷமாக என் முகத்தில் இருந்த வயிற்றெரிச்சல் இப்போது அவன் முகத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தச் சரிவில் பாதி இலை அதற்குள் பழுத்துக் கருகியிருந்தது. அதை நான் சொல்லவில்லை. மலை முழுக்கத் தீப்பிடித்து எரிகிறது என்றேன்.