இராஜம்மாள் அண்ணி போட்ட கோடு

திங்கட்கிழமை காலை ஓசூரில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதல் பஸ்ஸில் வந்திறங்கிய எங்கள் பங்காளி முருகேசன் வாசலில் நின்றபடியே, "அண்ணி போயிட்டாங்க" என்றான். "எந்த அண்ணி?" என்று கேட்டேன். எனக்கு இருந்தது ஒரே அண்ணி.

முந்தைய நாள் மாலைதான் அவரிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். "அடுத்த தபா வர்றப்ப ஓட்டுக்குக் கீழ படுக்கலாம். இனி வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்க வேணாம்" என்று சிரித்து வழியனுப்பியவர், விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழவில்லை. இதை எழுதும் இப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் அண்ணன் சின்னசாமியின் மனைவி அவர். பர்கூரை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டின் முன்கட்டுக் கூரை சென்ற ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. கையில் இருந்தது கடலை விற்ற பணம் மட்டும்தான். அதற்கு மேல் செலவானால் கிணற்றடி நிலம் அடகுக்குப் போகும். கிருஷ்ணகிரியில் அணைக்கட்டு வேலை நடப்பதால் கொத்தனார் கூலியும் ஏறிக் கிடந்தது. அண்ணனோ யார் எதைச் சொன்னாலும் "ஆவட்டும்" என்கிற மனிதர். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்!

அண்ணி ஒரு வழி கண்டார். தினமும் வாசலில் கோலம் போட்ட கையோடு உள்ளே வந்து, முன்கட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவே சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஒரு கோடு இழுப்பார். இந்த வருஷம் கடப்பாரை அதைத் தாண்டக் கூடாது. மாலைக்குள் மிதிபட்டு அழிந்துவிடும்; மறுநாள் மறுபடியும் போடுவார்.

ஆரம்பத்தில் நாகப்பா மேஸ்திரி, "அடுப்படிக் கூரையிலயும் கரையான் இருக்குதும்மா, ஒரே கையா முடிச்சிடலாம்" என்று சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் மேஸ்திரி, அதுவும் நம்மூட்டுக் கரையான்தான். அடுத்த வெள்ளாம வரைக்கும் பொறுத்துக்கும்" என்றார் அண்ணி. பிறகு காவேரிப்பட்டினத்து மாமா வந்து வாசற்காலை இடித்து உயர்த்தச் சொன்னார். "நீங்க குனிஞ்சி வந்தாப் போதுங்க மாமா" என்று பதில் கிடைத்தது. ஊர் அண்ணியைக் கருமி என்று சிரித்தது.

உண்மையில் அந்த அடுப்படிப் புகையில் நாளெல்லாம் இருமியவர் அவர்தான். "உனக்காகவாச்சும் ஒரு புகைக்கூண்டு வெச்சிடலாம்" என்று அண்ணன் ஒருநாள் கடப்பாரையோடு கோடு வரை வந்துவிட்டார். அண்ணி குறுக்கே நின்றார். "எனக்காவத்தான் சொல்றேன். நெலம் போனா கூலிக்குப் போவறது நானு. புகைக்கு இருமிக்கறேன், போங்க."

சேதி கேட்டு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது முன்கட்டில் பாதிதான் ஓடு வேய்ந்திருந்தது. அதனால் அண்ணியை உள்ளே, அடுப்படிக்கு முன்னால் கிடத்தியிருந்தார்கள். வாசலில் அன்று கோலம் இல்லை. உள்ளே கோடும் இல்லை.

நாகப்பா மேஸ்திரி மாலையோடு வந்தார். முன்கட்டைக் கடந்தவர், கோடு இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள வா மேஸ்திரி" என்றார் அண்ணன்.

"அம்மா சொல்லலீங்களே" என்று சொல்லி, அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழுதார். கடைசிவரை தாண்டவில்லை. மாலையை அண்ணன்தான் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

போய் வாருங்கள், அண்ணி. கிணற்றடி நிலம் நம்மிடம்தான் இருக்கிறது.