ஏழே காலுக்கே ஏறி உட்கார்ந்தவள்

உப்பளம் தெய்வநாயகத்தின் வேனில் போனவர்களில் அவரைத் திட்டாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஏழு மணிக்கு வண்டி வேண்டும் என்றால் ஆறுக்கே வாசலில் வந்து நிற்பார். வந்தவர் சும்மா நிற்பாரா? "பல்லு வெளக்கியாச்சா, பாப்பா பால் குடிச்சிதா, பைய எடுங்க" என்று உயிரை எடுப்பார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிற பாண்டிச்சேரியில் இப்படியும் ஒரு மனிதர்! அவசர நாயகம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு அவரும் சிரிப்பார். கண் மட்டும் சிரிக்காது.

அவர் பழைய மில்காரர். முதல் சங்கு, இரண்டாம் சங்கு, அதற்குப் பிறகு கேட்டை மூடிவிடுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் முகத்துக்கு எதிரே கேட் மூடியதில்லை. மில் படுத்துவிட்ட பிறகுதான் வேன் ஓட்ட வந்தார். இப்போது ஓட்டுவது மூன்றாவது வண்டி.

குழந்தைகள் போகிற பயணம் என்றால் அவரிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல நேரத்தில் பிள்ளையின் பையையும் செருப்பையும் கேட்டு வாங்கி வண்டியில் வைத்து, வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப்போய் நிறுத்திவிடுவார். பழைய வழக்கம்தான். கிளம்புகிற நேரம் சரியில்லாமல் போய்விடும் என்றிருந்தால், முன்கூட்டியே ஒரு மூட்டையை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் செய்கிறார்கள்? இவர் செய்வார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

போன மழைக்காலத்தில் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து சிலம்பரசன் என்று ஒரு கிளார்க் போன் செய்தார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கப்பலில் மூன்று நாள் சுற்றுலா. சென்னைத் துறைமுகத்தில் ஏற வேண்டும், திங்கட்கிழமை.

"கேட்டு ரெண்டு மணிக்குத்தாண்ணே மூடுறாங்க. ஒம்போதுக்குக் கிளம்புனாகூட ஒரு மணிக்குப் போயிடலாம்."

"பெரியவங்க மட்டும்னா சரிங்க சார். கூட ரெண்டு புள்ளைங்க இருக்குது இல்ல? ஒண்ணு வாந்தி எடுக்கும், ஒண்ணு ஒண்ணுக்குப் போவணும்னு நிக்கும். அங்க போயி லைன்ல நிக்கணும், பெட்டியச் சோதிக்கணும். பன்னண்டு மணிக்கு நாம கேட்டாண்ட இருக்கணும். ஏழு மணிக்குள்ள கிளம்பிடணும்."

"இன்னாண்ணே, ப்ளேனுக்குக்கூட இவ்ளோ சீக்கிரம் போவ மாட்டாங்க!"

"கப்பல் நமக்காக நிக்காதுங்க சார்."

திங்கட்கிழமை ஆறுக்கே போய்விட்டார். மூத்தவள், ஒன்பது வயது செந்தமிழ்ச்செல்வி, ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தோடு முதல் ஆளாகத் தயாராக இருந்தாள். அவளிடம் முதுகுப் பையையும் ரோஸ் நிறச் செருப்பையும் கேட்டு வாங்கினார். "செருப்பு இல்லாம நான் எப்படி நடக்கிறது?" என்று அவள் இடுப்பில் கை வைத்தாள். "ஷூ போட்டுக்கம்மா. இது முன்னாடி போவட்டும்" என்றார். ஆறரைக்கு வண்டி தெருமுனையைத் தாண்டி நின்றது. அவர் நடந்து திரும்பி வந்தார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. கிளம்புகிற நேரத்தில் சின்னவன் இனியவனின் ஆதார் கார்டைக் காணோம். அது இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பீரோவைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். அவன் அம்மா கார்குழலி அழுதேவிட்டாள். கடைசியில் அது பள்ளிக்கூட டைரிக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மணி ஏழு நாற்பது.

சிலம்பரசனின் அப்பா கலியமூர்த்தி காலண்டர் பக்கத்தில் நின்றிருந்தார். வீட்டுக்குக் காவலாக இருக்கப்போகிறவர் அவர்.

"திங்கக்கிழம. ஏழரைக்கே ராகுகாலம் பொறந்துடுச்சு. கொழந்தைங்கள கூட்டிக்கினு தண்ணி மேல போறீங்க. ஒம்போதுக்கு மேல கிளம்புங்க."

"அப்பா, லேட்டாயிடும்பா."

"ஒன்றரை மணி நேரந்தானடா. அதுக்குள்ள இன்னா ஆயிடப்போவுது?"

கதவோரம் நின்றிருந்த தெய்வநாயகம் காலண்டரைப் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில், இதே வார்த்தையை அவர் வாய்தான் சொல்லியது. அவருக்கு ஒரே மகள், கவிநிலா. எட்டு வயது. நான்கு நாள் காய்ச்சல் அன்று விடியற்காலையில் விட்டிருந்தது. காய்ச்சல் விட்டதே என்று பார்த்தால் கை காலெல்லாம் ஜில்லென்று இருந்தது. கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று மனைவி தில்லையம்மாள் பிடிவாதம் பிடித்தாள். கவிநிலா தானே நடந்துபோய் ஏழே காலுக்கே வேனில் ஏறி, பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தெய்வநாயகம் பழைய மருந்துச் சீட்டைத் தேடினார். கிடைத்தபோது ஏழரை தாண்டிவிட்டது.

"ராகுகாலம் பொறந்துடுச்சு. காய்ச்சல்தான் விட்டுடுச்சே. ஒன்றரை மணி நேரத்துல இன்னா ஆயிடப்போவுது?"

மில் சங்குக்கு ஒரு நிமிஷம் பிந்தாத மனிதர், பாவி, அன்றைக்கு உட்கார்ந்து பேப்பர் படித்தார். வண்டியிலிருந்து இறங்கவும் அவளுக்குத் தெம்பில்லை. ஜன்னல் வழியாக நாலைந்து தடவை கேட்டாள். "கிளம்பலாமாப்பா?" அவரும் ஒவ்வொரு தடவையும் சொன்னார். "ஒம்போது ஆவட்டும்டா தங்கம்." கடைசித் தடவை குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. "காய்ச்சல் விடுறப்பதான் ஆபத்தே. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

காரியம் முடிந்த அன்று தில்லையம்மாள் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினாள். ஊரே உட்கார்ந்திருந்த பந்தலில், அழாமல் பேசினாள். "மூட்டைய வெளிய அனுப்பிட்டாலே பயணம் கிளம்பிட்டதாச் சொல்லுவாங்க. எம்பொண்ணு ஏழே காலுக்கே வண்டியில ஏறிட்டாளேய்யா. அவ கிளம்பிட்டா. நீதான்யா கிளம்பல."

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததில்லை. ஆனால் கவிநிலாவின் குரல் வண்டியில் வந்துகொண்டுதான் இருந்தது. சாவியைத் திருகுவதற்கு முன்னால், பின்சீட்டு ஜன்னலோரத்திலிருந்து "கிளம்பலாமாப்பா?" வண்டியை விற்றுப் பார்த்தார். அடுத்த வண்டியிலும் கேட்டது. கோயிலில் மந்திரித்து எலுமிச்சம்பழம் கட்டினார். கேட்டது. முழுப் பைத்தியம் என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே கூடத்தில் கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சிலம்பரசன் ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதீங்க சார்!"

அந்த அதட்டலில் கூடமே திரும்பிப் பார்த்தது. தெய்வநாயகத்துக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"ஐயா, கோச்சிக்காதீங்க. பயணம் ஆறரைக்கே கிளம்பிடுச்சு. பாப்பா பையும் செருப்பும் என் வண்டியில இருக்குது. வண்டி தெருமுனை தாண்டி நிக்குது. அப்ப ராகுகாலம் ஏது? இப்ப இவுங்க போறது கிளம்பறதுக்கு இல்ல. முன்னாடியே போன செருப்பத் தேடிப் போறாங்க, அவ்ளோதான்."

கலியமூர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். வழக்கம் அவருக்கும் தெரியும். "எல்லாம் வெவரமாத்தான் பண்ணி வெச்சிருக்க" என்று முனகிவிட்டு, பேத்திக்கு நெற்றியில் விபூதி வைத்தார்.

வண்டியில் ஏறியதும் செந்தமிழ்ச்செல்வி ஜன்னலோரத்துக்குப் பாய்ந்தாள். தெய்வநாயகம் சாவியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "கிளம்பலாமாப்பா?" அந்தக் குரல் இந்தப் பெண்ணின் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஏழே முக்காலுக்கு வண்டியை எடுத்தார்.

மரக்காணம் தாண்டி இனியவன் வாந்தி எடுத்தான். சட்டை மாற்றினார்கள். அரை மணிக்கெல்லாம் பசி என்றான். அப்புறம் ஒண்ணுக்கு, அப்புறம் அக்காளுக்கு ஒண்ணுக்கு. "நான்தான் சொன்னேன் இல்ல?" என்று தெய்வநாயகம் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். கார்குழலி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்படியும் பன்னிரண்டுக்குத் துறைமுகச் சாலையைத் தொட்டார்கள்.

அங்கேதான் வண்டி நின்றது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பன்னிரண்டே கால், பன்னிரண்டரை, முக்கால். சிலம்பரசன் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். தெய்வநாயகம் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. கடவுளே, இன்னொரு தடவை வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அது தவிர வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

ஒருவழியாக லாரியை ஓரம் தள்ளி வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார்கள்; பின்னால் ஒரு மைலுக்கு வண்டிகள் நிற்க, இவர்கள் ஒன்றேகாலுக்குக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சிலம்பரசன் விரல் விட்டு எண்ணினார். "ஒம்போதுக்குக் கிளம்பியிருந்தா இப்ப நாம எங்கண்ணே இருந்திருப்போம்?" என்றார். தெய்வநாயகம் பெட்டிகளை இறக்கினார். செந்தமிழ்ச்செல்வி ரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

அவர் உடனே திரும்பியிருக்கலாம். கால் வரவில்லை. கேட்டுக்கு எதிரே டோக்கன் வாங்கி வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குக் கேட்டை மூடினார்கள். இரண்டரைக்கு ஒரு கார் அலறிக்கொண்டு வந்தது. ஒரு அப்பா காவலாளியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால், நீச்சல் வளையத்தை இப்போதே இடுப்பில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் குழந்தை நின்றிருந்தது. தெய்வநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்க அவரால் முடியவில்லை.

ஐந்து மணிக்குக் கொட்டகைகளுக்கு மேலே கப்பல் சங்கு ஊதியது. மில் சங்கைவிடக் கனத்த சத்தம். கூரைக்கு மேல் தெரிந்த வெள்ளை மாடிகள் மெல்ல நகர்ந்தன. அதில் எங்கேயோ அந்த இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள்.

அவர் சாவியைத் திருகப் போனார். வழக்கமான கேள்விக்காகக் கை தானாக நின்றது.

"வந்துட்டமாப்பா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. தெய்வநாயகத்துக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தார். ஜன்னலோர சீட் காலியாக இருந்தது.

"வந்துட்டோம்டா தங்கம்" என்றார். "நேரத்துக்கே வந்துட்டோம்."

சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. இறங்கிப் பின்பக்கம் போய், வேனின் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

டோக்கன் கிழிக்கிறவர் வந்து பார்த்தார். காலி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு நேரம் நிற்பார்?

"வண்டிய எடுங்கண்ணே. உள்ள யாரு?"

"எம்பொண்ணு" என்றார் தெய்வநாயகம். "கொஞ்சம் இருங்க. அவளுக்குத் தெம்பில்ல, மெதுவாத்தான் எறங்குவா."