வெர்னா ஓட்ட வேண்டிய வண்டி

வெர்னா ஓஸ்ட்பி பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். மினசோட்டாவில் ஒரு வான்கோழி ஆலையில், எலும்பு நீக்கும் வரிசையில் முப்பத்தொரு வருஷம் நின்றாள். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசினாலும் காதில் விழாது. காதில் விழாத இடத்தில் வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. குளிர் தட்டினால் மடங்க மறுக்கும் விரல்களும் போகவில்லை.

ஒன்பது வருஷமாக அவளுக்கும் கணவன் ஆர்விட்டுக்கும் வீடு என்றால் அது பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் முப்பத்திரண்டு அடி டிரெய்லர்தான். கோடையில் டிரெய்லர்கள் நிறுத்தும் முகாம் ஏதாவது ஒன்றில் கழிப்பறை கழுவி, விறகு விற்று, அதற்கு ஈடாக இலவசமாகத் தங்குவார்கள். செப்டம்பர் கடைசியில் வடக்கு டகோட்டாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை வேலை. பனி விழத் தொடங்கினால் தெற்கே, குளிர் குறைந்த அரிசோனா. கட்டிய வீட்டை விற்றபோது ஆர்விட் இதைச் சுதந்திரம் என்றான். வெர்னாவுக்கும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது.

இந்த வருஷம் அவர்களுடைய பழைய பிக்கப் வயோமிங்கில், பிக்ஹார்ன் மலைக்கு மேற்கே, ஒரு சின்ன ஊர் முகாமில் உயிரை விட்டது. கியர்பெட்டி போய்விட்டது, மாற்றுவதற்கு அந்த வண்டிக்குத் தகுதியில்லை என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பீட் வேலைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நடுவில் மலை. வேறு வண்டி பார்த்தே ஆகவேண்டும்.

முகாமில் இருந்த ஆண்களுக்கு அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து இடத்துக்காரர் ராய்ஸ், எண்ணெய்க் குழாய் பதித்து ஓய்வுபெற்றவர், மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். எந்த இன்ஜின் எந்த மைலில் மக்கர் செய்யும், எந்த வருஷத்து வண்டியைத் தொடக்கூடாது என்று காப்பி ஆறிப்போகும்வரை பேசுவார்கள். முடிவில் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: முக்கால் டன் வகை டீசல் பிக்கப் போதும்.

"மலையையே பேத்து இழுத்துட்டுப் போயிடும்ப்பா அது," என்றார் ராய்ஸ்.

வெர்னா மர மேஜையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் காரணமும் இல்லை. வண்டியை ஓட்டுவது ஆர்விட் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் இரண்டு வருஷமாக ஓட்டுவது வெர்னாதான். ஆர்விட்டுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்ந்துகொண்டே வந்தது. நேராகப் பார்த்தால் பார்க்கும் இடத்தில் ஒரு மங்கல். ஓரம் மட்டும் தெரியும். இந்த முகாம்களில் ஆண் வண்டியைப் பின்னுக்கு எடுப்பான், பெண் பின்னால் நின்று கை காட்டுவாள். அதை மாற்றிச் செய்தால் சுற்றியுள்ளவர்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் முகாமுக்கு அரை மைல் முன்னால் நிறுத்தி இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஆர்விட் நத்தை வேகத்தில் உள்ளே ஓட்டி வருவான். அவள் பின்னால் நின்று கையைக் காட்டுவதோடு, வாயாலும் சொல்லுவாள். யாராவது ஒரு குழந்தை குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, வராது என்றான். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் எடுக்காத பேச்சு இன்னொன்றும் இருந்தது. ஜூலையில் ஒரு நீண்ட இறக்கத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்து டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை ஓட்டியது. ஸ்டீயரிங் அவள் கையில் இருந்தது, ஆனால் வண்டி அவள் கையில் இல்லை. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாக அழுத்தும் விசையைப் பிடித்து, கால் மைல் தூரம் மூச்சுவிடாமல் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தாள். ஆர்விட் பக்கத்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தப்போகிறாய் என்று கேட்டான். ஒரு நிழல் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் லாரிகள் எடை போடும் மேடையில் டிரெய்லரை ஏற்றினாள். வண்டியோடு வந்த கையேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்த வண்டி தன் முதுகில் எத்தனை பவுண்டு சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுக்கும் எடை. முதுகில் ஏறும் எடையைப் பற்றி அந்த மடக்கு நாற்காலிகளில் யாரும் பேசி அவள் கேட்டதில்லை.

மறுநாள் ராய்ஸ் இருவரையும் விற்பனைக்காரர் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார். ட்ரென்ட் என்ற விற்பனையாளர் ஆர்விட்டின் கையைக் குலுக்கினார், வெர்னாவைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு டீசல் வண்டிகள் இருந்தன. ஒன்று அடர்நீல முக்கால் டன், தோல் இருக்கை. மற்றது அதைவிட ஒரு படி பலமான வெள்ளை ஒரு டன், முன்பு மின்சாரக் கம்பெனியில் ஓடியது. கதவில் பெயர் பிய்த்த தடம் இருந்தது. ஆர்விட் நீல வண்டியின் மேல் குதிரையைத் தடவுவதுபோல் கையை ஓட்டிக்கொண்டே போனான். ஒன்பது வருஷத்தில் அவன் ஒரு பொருளை இப்படித் தொட்டு அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் சோர்வாக இருந்தது.

அவள் இரண்டு வண்டிகளின் கதவையும் திறந்து ஸ்டிக்கர்களைப் படித்தாள். நீல வண்டிக்கு இரண்டாயிரத்து ஐம்பது பவுண்டு. அவ்வளவு பெரிய இன்ஜினின் எடையே சுமக்கும் அளவில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருந்தது. கைப்பையிலிருந்த தேவாலயத் துண்டுத்தாளின் பின்பக்கம் எழுதிக் கூட்டினாள். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தும் எடை ஆயிரத்து நானூறு. கொக்கிச் சட்டம் நூறு. இரண்டு பேர் முந்நூற்றுத் தொண்ணூறு. பின்னால் ஜெனரேட்டரும் கருவிப்பெட்டியும் முந்நூற்று ஐம்பது. மறுபடியும் கூட்டினாள்.

"இது தாங்காது, ஆர்விட்," என்றாள் மெதுவாக.

ட்ரென்ட் முந்திக்கொண்டார். "பதினெட்டாயிரம் பவுண்டு இழுக்கும் மேடம். உங்க டிரெய்லர் எட்டாயிரத்து இருநூறுன்னு சார் சொன்னாரே."

"அது காலி டிரெய்லரோட எடை. உள்ள ஒரு சட்டிகூட இல்லாதப்போ. நான் எடை போட்டேன். பத்தாயிரத்து அறுநூறு. இழுக்காதுன்னு சொல்லல. முதுகு தாங்காது. இருநூறு பவுண்டு கூடப்போகுது."

"இவ காப்பிப்பொடியக்கூட எடை போட்டுத்தான் கலக்குவா," என்றான் ஆர்விட். ட்ரென்ட் சிரித்தார். இருநூறெல்லாம் ஒரு பெரிய விஷயமில்லை, ஊரில் எல்லாரும் அதற்குமேலேயே ஏற்றுகிறார்கள் என்றார்.

வெர்னா தாளை மடித்தாள். இந்த இடத்தில்தான் அவள் எப்போதும் விட்டுவிடுவாள். இப்போதும் விட்டிருப்பாள்.

"ஓட்டப்போறவன் நான்," என்றான் ஆர்விட். "எனக்குப் புடிச்சிருக்கு."

அவள் முகம் சூடாவது அவளுக்கே தெரிந்தது. வேற்று மனிதர் முன்னால், வெட்டவெளியில்.

"ஓட்டப்போறது நீ இல்ல, ஆர்விட்."

ட்ரென்ட் கையிலிருந்த சாவிகளைப் பார்த்தார். உள்ளே ஏதோ போன் வருகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். போன் எதுவும் அடிக்கவில்லை.

ஆர்விட் வண்டிமேல் கை வைத்தபடியே நின்றான். ஒரு அந்நியன் முன்னால் சொல்லிவிட்டாயே என்று கேட்டான். வெர்னா ஜூலை மாத இறக்கத்தைச் சொன்னாள். காற்று, வாலாட்டம், விசை, கால் மைல். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கடைச் சாமான் பட்டியலை வாசிப்பதுபோல் சொன்னாள்.

"என்னை ஏன் எழுப்பல?"

"எழுந்து என்ன பண்ணியிருப்ப?"

ஆர்விட் குனிந்து, தலையை ஒருக்களித்து, கண் ஓரத்தால் ஸ்டிக்கரைப் பிடிக்கப் பார்த்தான். எழுத்து அவனுக்கு அகப்படவில்லை. வெகுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு வெள்ளை வண்டியில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டான்.

"மூவாயிரத்து எழுநூறு."

"கம்பத்துல ஏற வந்தவன் வண்டி மாதிரி இருக்கு."

"ஆமா. அப்படித்தான் இருக்கு."

அவன் நடந்துபோய் வெள்ளை வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். உள்ளே புகையிலை வாடை. வெர்னா ஓட்டுநர் இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். ஊருக்கு வெளியே இருந்த மேட்டில் ஏற்றி, இறக்கி, இரண்டு முறை நிறுத்திப் பார்த்தாள். வண்டி சொன்னதைக் கேட்டது. இந்த வண்டி இன்னும் பதினைந்து வருஷம் தாராளமாக ஓடும் என்று ட்ரென்ட் பிறகு சொன்னபோது, அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

மாலையில் அதையே வாங்கிக்கொண்டு முகாமுக்கு வந்தபோது அவள் அரை மைலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள். ஆர்விட் கதவுப்பிடியில் கை வைக்கவில்லை. அவள் அப்படியே உள்ளே ஓட்டிவந்தாள்.

ராய்ஸும் மற்ற இருவரும் எழுந்து வந்தார்கள். ஓட்டுநர் பக்கம் வெர்னா இறங்கியதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் டயரைப் பார்த்தார் ராய்ஸ்.

"முக்கால் டன் எடுக்கப் போயி, கரண்டுக்காரன் வண்டியோட வந்திருக்கீங்களே. எப்படிப்பா ஓடுது?"

"அவளக் கேளு," என்றான் ஆர்விட். "ரெண்டு வருஷமா அவதான் ஓட்டறா. எனக்குக் கண்ணு போச்சு."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு, அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான் போலிருக்கிறது, வெர்னாவிடம் இன்ஜின் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டார். சொன்னாள். முன் டயர்களில் காற்று எவ்வளவு என்றார். அதையும் சொன்னாள். இன்னொருவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மூன்று ஆண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குக் கால் கடுத்தது.

"நாளைக்கு மலையில எப்ப ஏறப்போறீங்க?" என்றார் ராய்ஸ்.

"காத்து கிளம்பறதுக்கு முன்னாடி," என்றாள் வெர்னா. சமையல் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள். சமைக்கவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் சாய்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆர்விட்டின் குரல் கேட்டது. ஜூலை மாத இறக்கத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். காற்று எந்தப் பக்கம் அடித்தது, டிரெய்லர் எப்படி ஆடியது, வெர்னா எப்படி விசையைப் பிடித்தாள் என்று, எல்லாவற்றையும் விழித்திருந்து பக்கத்திலிருந்தே பார்த்தவன்போல. கால் மைல் அவன் வாயில் முக்கால் மைலாகியிருந்தது. எழுந்துபோய்த் திருத்த அவளுக்குத் தெம்பில்லை.